பொலிசாரிடம் கூறிய வாக்குமூலம்: பயங்கரவாதத் தடைச் சட்டங்களின் வரலாற்றில் ஒரு கூறு

பயங்கரவாதத்தைத் தடுப்பதற்கென அரசுகள் இயற்றிக்கொண்ட சட்டங்களை ஆராய்வோர் பெரும்பாலும் தடுப்புக்காவல், அவசரகால நிலை, இயக்கங்களைத் தடைசெய்தல் ஆகியவற்றின் மீதே கவனஞ் செலுத்துவர். அவை கண்ணுக்குப் புலப்படுவன, பத்திரிகைகளில் இடம்பெறுவன. அவற்றினளவு பேசப்படாத, ஆயின் அவற்றினும் ஆழமாக நீதியின் அடித்தளத்தைத் தொடும் கூறு ஒன்றுண்டு. பொலிஸ் காவலில் இருக்கும் ஒருவர் பொலிசாரிடம் கூறியதாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கெதிரான சான்றாக நீதிமன்றம் ஏற்கலாமா என்பதே அது. இவ்வொரு வினாவின் வரலாற்றைத் தொடர்ந்து செல்வோமாயின் அது நம்மைத் தஞ்சாவூர்க் கழனிகளுக்கும், பெல்ஃபாஸ்ற் விசாரணை அறைகளுக்கும், கொழும்பு மேல் நீதிமன்றத்துக்கும் இட்டுச்செல்லும். பாதுகாப்பு என்ற பெயரால் கைவிடப்பட்டது எது, அதற்கு ஈடாகக் கிடைத்தது எது என்பதையும் அவ்வரலாறே காட்டும்.

தொடக்கம் சென்னை மாகாணத்தில் உள்ளது. கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சியில் நிலவரி அறவிடுவதற்குக் குடியானவர்கள் வதைக்கப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு 1854 இல் பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் எழுப்பப்பட்டது. அதன் விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், யோன் புறூஸ் நோட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணைக்குழு நியமிக்கப்பட்டு, 1855 இல் அதன் அறிக்கை வெளிவந்தது. முறையீடு செய்வதற்கெனப் பல நாள் நடந்து சென்னைக்கு வந்தவர் தொகை ஆணைக்குழுவினரையே வியப்பிலாழ்த்தியது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையில் வைத்து நெரிக்கும் 'கிட்டி', தலையைக் காலுடன் சேர்த்துக் கட்டிக் குனியவைத்து வெயிலில் நிறுத்தும் 'அண்ணாந்தாள்' என்னும் சொற்கள் ஆங்கில எழுத்தில் அவ்வறிக்கையில் இடம்பெற்றன. ஆங்கில அரசாங்க ஆவணங்களுக்கு நம்மொழி வழங்கிய கொடைகளுள் இவையும் அடங்கும்.

இவ்வதை இரு தேவைகளுக்குப் பயன்பட்டது. ஒன்று வரி, மற்றது குற்ற ஒப்புதல். இரண்டும் ஒரே கையால் செய்யப்பட்டன என்பதே முக்கியமானது. வரி அறவிடும் தாசில்தாரும் அவருக்குக் கீழ்ப்பட்ட சேவகருமே பொலிஸ் அதிகாரத்தையும் வைத்திருந்தனர். ஆணைக்குழு பழியைச் சுதேச உத்தியோகத்தர் மீது சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளைப் பெரும்பாலும் விடுவித்தது. 1857 செப்டெம்பரில் 'நியூயோர்க் டெய்லி ட்ரிபியூன்' இதழில் இவ்வறிக்கையை எடுத்தாண்ட கார்ல் மார்க்ஸ், இத்தகைய விடுவிப்பை ஏற்கவில்லை. வரிச்சுமையை விதித்தவனுக்கும் அதை அறவிட்டவன் கையாண்ட முறைக்கும் தொடர்பில்லை என்று கொள்ள முடியாது என்பதே அவர் வாதத்தின் சாரம். சிப்பாய்க் கிளர்ச்சியின் கொடுமைகளைப் பற்றியே பிரித்தானியப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் அவர் இதனை எழுதினார் என்பதும் கவனத்திற்குரியது.

அறிக்கையின் பயனாக 1859 இல் சென்னையில் பொலிஸ் நிருவாகம் வரி நிருவாகத்தினின்றும் பிரிக்கப்பட்டது. 1861 ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவை, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கூறிய ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாகாது என விதித்தது. ஜேம்ஸ் ஃபிற்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தில் அவ்விதி 25 ஆம் பிரிவாக இடம்பெற்றது. பொலிசார் வதை செய்வதற்குக் காரணம் கொடூரம் மட்டுமன்று, சோம்பலும் ஆகும் என்பதை ஓர் இந்திய அதிகாரியின் கூற்றாக ஸ்டீபன் பின்னர் பதிவுசெய்துள்ளார். வெயிலில் அலைந்து தடயம் தேடுவதினும், இருந்த இடத்தில் இருந்துகொண்டே கைதியின் வாயிலிருந்து வழக்கைப் பெறுவது எளிது. இக்கருத்து இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

இவ்விதியின் பிறப்பில் மனிதாபிமானத்தை மட்டும் காண்பது பொருந்தாது. இங்கிலாந்தில் இத்தகைய முழுத்தடை இருக்கவில்லை. சுதேசப் பொலிசாரை நம்ப முடியாது என்ற இனவாத எண்ணமும் இதனுள் கலந்திருந்தது. அன்றியும், வாக்குமூலத்தின் வழியாகப் பொருள் ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால் அந்தளவுக்கு அதனை ஏற்கலாம் என 27 ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தே வைத்தது. எனினும், அடிப்படை தெளிவாக இருந்தது. கைதியைத் தன் வசம் வைத்திருப்பவனே கைதியின் சொல்லுக்குச் சாட்சியாக முடியாது. இலங்கையின் 1895 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் ஸ்டீபனின் சட்டத்தை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டது, பிரிவெண்கள்கூட மாறவில்லை. சென்னைக் குடியானவனின் நெரிபட்ட விரல்கள் ஈட்டித்தந்த பாதுகாப்பு இவ்வாறு இலங்கைக்கு வந்து சேர்ந்தது.

குடியேற்ற ஆட்சியினர் தமது எதிரிகளை ஒடுக்குவதற்கு வேறு கருவிகளை வைத்திருந்தனர். விசாரணையின்றி அடைத்துவைக்க 1818 ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குவிதி இருந்தது. 1907 இல் லாலா லஜபதி ராய் அதன் கீழேயே மாந்தலேக்கு அனுப்பப்பட்டார். 1919 இன் ரௌலட் சட்டம், யூரரும் மேன்முறையீடும் இல்லாத தனி நீதிமன்றங்களை ஏற்படுத்த முனைந்தது. அச்சட்டத்துக்கு வழிவகுத்த குழுவில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரி அங்கம் வகித்தார். அதனைச் சட்டசபையில் எதிர்த்து நின்றவருள் தலைசிறந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. சட்டம் மூன்றாண்டுக்கென்றே கொணரப்பட்டது. ஏப்பிரில் 13 ஆந் திகதி ஜாலியன்வாலாபாக்கில், அரசாங்கக் கணக்கின்படியே 379 பேர் கொல்லப்பட்டனர். பெரிதும் பிரயோகிக்கப்படாமலே 1922 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. தடுக்க வந்த சட்டம் தான் தடுக்க எண்ணியதை வளர்த்தமைக்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது.

சுதந்திர இலங்கையில் 25 ஆம் பிரிவு முதன்முதலாக எவர் மீது தளர்த்தப்பட்டது என்பது சுவையான செய்தி. 1947 யூனில், பொது வேலைநிறுத்தத்தின் நடுவே, அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான அதே மாதத்தில், பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1953 ஹர்த்தாலிலும், 1958 வன்செயலிலும், 1961 சத்தியாக்கிரகத்திலும் அது பயன்பட்டது. ஆயின், சான்று விதியையே மாற்றிய சட்டம் 1962 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் குற்றவியற் சட்ட (விசேட ஏற்பாடுகள்) சட்டமாகும். அவ்வாண்டு சனவரியில் தோல்வியுற்ற இராணுவப் புரட்சிச் சதியின் எதிரிகளுக்கென்றே, கடந்த காலத்துக்கும் செல்லுபடியாகுமாறு அது இயற்றப்பட்டது. அவ்வெதிரிகளுட் சிலர் பிரதிப் பொலிஸ் மா அதிபர் பதவி வகித்தோர். பொலிசாரிடம் கூறிய ஒப்புதலை நம்பலாமா என்ற வினாவைப் பொலிஸ் உயரதிகாரிகளே எதிரிக்கூண்டில் நின்று எழுப்ப வேண்டியதாயிற்று. குற்றஞ்சாட்டப்பட்ட 24 பேருள் 11 பேர் தண்டிக்கப்பட்டனர். 1965 டிசம்பரில் பிரித்தானிய இறைமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. குறித்த சிலரைத் தண்டிப்பதற்கென்றே சட்டமன்றம் சட்டம் இயற்றுவது நீதித்துறையின் அதிகாரத்தைப் பறிப்பதாகும் என்பதே அதன் முடிவு.

இத்தீர்ப்பின் பின்விளைவு தலைகீழாக அமைந்தது. இறைமன்றத்துக்கான மேன்முறையீடு 1971 இல் ஒழிக்கப்பட்டது. குடியேற்றத் தளையொன்றை அறுத்தெறிந்த செயலென அதனை வரவேற்றோம், அவ்வரவேற்பு நியாயமானதே. ஆயின், 1972 ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு, நிறைவேற்றப்பட்ட சட்டத்தை நீதிமன்றம் கேள்விக்குட்படுத்தும் உரிமையையும் நீக்கியது. தடை நீங்கிய வழியால் வந்தது அவ்வாண்டின் 14 ஆம் இலக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம். 1971 ஏப்பிரில் கிளர்ச்சியில் கைதான ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞரை விசாரிப்பதற்கு அது தேவைப்பட்டது. யூரர் இல்லை, மேன்முறையீடு இல்லை, பொலிசாரிடம் கூறிய ஒப்புதல் ஏற்கப்படும்.

முற்போக்குச் சிந்தனையாளர் இவ்விடத்திற் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 1947 இல் எந்த வேலைநிறுத்தத்தை அடக்க அவசரகாலச் சட்டம் பிறந்ததோ, அதனை வழிநடத்தியோர் 1971 இல் அமைச்சரவையில் இருந்தனர். கலாநிதி என். எம். பெரேரா நிதியமைச்சர், கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அரசியலமைப்பு அலுவல்களுக்கும் பொறுப்பானவர். கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமனும் அமைச்சர். பூதவுடல்களை மரண விசாரணையின்றி அகற்ற அனுமதித்த அவசரகால ஒழுங்குவிதி அவர்கள் பதவியிலிருந்த காலத்தது. கிளர்ச்சியாளரின் அரசியல் பிழையானதென அவர்கள் கருதியதில் தவறில்லை. பிழையான அரசியலைத் தண்டிக்கப் பிழையான சான்றை ஏற்கலாம் என்று கருதியதே தவறு. வர்க்கப் பகுப்பாய்வில் தேர்ந்தோர், அரசுப் பொறி எவர் கையில் இருப்பினும் தன் பழக்கத்தை மறவாது என்ற பாடத்தைத் தம் அனுபவத்திலிருந்து பெறத் தவறினர்.

அந்த ஆணைக்குழுக்களை 1977 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய தேசியக் கட்சி ஒழித்தது. ரோகண விஜயவீர விடுதலையானார். அதே அரசாங்கம் 1978 இல் விடுதலைப் புலிகளையும் அவற்றையொத்த இயக்கங்களையும் தடைசெய்யும் சட்டத்தையும், 1979 யூலையில் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தையும் நிறைவேற்றியது. ஏனைய சனநாயக நாடுகளும் இத்தகைய சட்டங்களை இயற்றியுள்ளன என்று அச்சட்டத்தின் முகவுரை கூறுகின்றது. குறிக்கப்பட்ட நாடு எதுவென்பதில் ஐயமில்லை. பெயர்கூட அங்கிருந்தே வந்தது.

பேர்மிங்ஹாம் நகரில் 1974 நவம்பர் 21 ஆந் திகதி இரு மதுச்சாலைகளில் வெடித்த குண்டுகள் 21 பேரைக் கொன்றன. எட்டு நாள்களுள் பிரித்தானியப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தை நிறைவேற்றியது. அதனைக் கொணர்ந்த உள்நாட்டமைச்சர் றோய் ஜென்கின்ஸ் அதன் அதிகாரங்கள் மிகக் கடுமையானவை என்பதைத் தாமே ஒப்புக்கொண்டார். ஆறு மாதத்துக்கென வந்த அச்சட்டம் மீள மீளப் புதுப்பிக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டில் நிரந்தரச் சட்டமொன்றுக்கு இடம்விட்டது. வட அயர்லாந்தில் இவ்வழக்கம் இன்னும் பழையது. ஓராண்டுக்கென இயற்றிய 1922 ஆம் ஆண்டு விசேட அதிகாரச் சட்டம் 1933 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 1963 இல் தென்னாபிரிக்க நீதியமைச்சர் வோஸ்ரர், அச்சட்டத்தின் ஒரு பிரிவுக்காகத் தமது சட்டம் முழுவதையும் மாற்றிக்கொள்ளத் தயார் என்ற கருத்தைப் பாராளுமன்றத்திலேயே வெளியிட்டார். நிறவெறி ஆட்சியின் பொறாமையைப் பெறுவதும் ஒரு தகுதிதான்.

ஆயினும், இலங்கைச் சட்டம் அதன் மூலத்தினும் ஒரு படி மேற்சென்றது. பிரித்தானியச் சட்டம் அமைச்சரின் அனுமதியுடன் ஏழு நாள் தடுத்துவைக்க இடமளித்தது. இலங்கைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு அமைச்சரின் கட்டளைப்படி மும்மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்க இடமளித்தது; அக்கட்டளை இறுதியானது, எந்நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்தலாகாது என்றது 10 ஆம் பிரிவு. வட அயர்லாந்தில் 1973 இன் சட்டம் ஒப்புதல் பற்றிய விதியைத் தளர்த்தியபோதும், வதை நிகழ்ந்ததற்கு முதற்றோற்றச் சான்று இருப்பின் அது நிகழவில்லையென நிறுவும் பொறுப்பை வழக்குத் தொடுநர் மீதே வைத்தது. நமது 16 ஆம் பிரிவு இதனைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கூறிய எவ்வாக்குமூலமும் சான்றாகும். அது அச்சுறுத்தலால் பெறப்பட்டதென நிறுவும் பொறுப்பு எதிரியினுடையது. 17 ஆம் பிரிவு, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25, 26, 30 ஆம் பிரிவுகள் இவ்வழக்குகளுக்குப் பொருந்தா என்றது. மூடிய அறையில் தனியே இருந்தவன், அங்கு நடந்ததை, அங்கிருந்த ஏனையோர் மறுக்கும்போது, நிறுவ வேண்டும். குடியேற்ற ஆட்சி தன் பொலிசார் மீது வைக்கத் தயங்கிய நம்பிக்கையைச் சுதந்திர அரசு தன் பொலிசார் மீது வைத்தது. வைத்த இடம் வடக்கும் கிழக்கும்.

யூலை 11 இல் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. பிரிகேடியர் வீரதுங்கவுக்கு ஆண்டிறுதிக்குள் பயங்கரவாதத்தை அடியோடு ஒழிக்குமாறு பணிப்புரை வழங்கப்பட்டது. அந்த முதல் வாரத்திலேயே இரு இளைஞரின் உடல்கள் பண்ணைப் பாலத்தருகே கிடந்தன. இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தைச் சார்ந்த தென்னிலங்கை நண்பர்கள் நேரில் வந்து விசாரித்து அறிக்கை வெளியிட்டனர் என்பதை நன்றியுடன் பதிவுசெய்தல் வேண்டும். குறித்த திகதி கடந்தது. இயக்கங்கள் ஒழியவில்லை, பெருகின. மூன்றாண்டுக்கென வந்த சட்டம் 1982 இல் 10 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிரந்தரமாக்கப்பட்டது. 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயர் மட்டும் நீக்கப்படாமல் நின்றது. அச்சட்டத்தின் கீழ்க் கைதானோர் உட்பட 53 தமிழ்க் கைதிகள், 1983 யூலை 25 ஆம், 27 ஆம் திகதிகளில், அரசின் காவலிலே, வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டனர்.

பயங்கரவாதம் என்பது ஆட்சியாளர் புனைந்த சொல் மட்டுமே என்று கூறி நழுவுவது ஆய்வாளனுக்கு அழகன்று. 1985 மே மாதத்தில் அனுராதபுரத்தில் கொல்லப்பட்ட யாத்திரிகரும், 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தபோது சுடப்பட்டோரும், 1996 சனவரியில் மத்திய வங்கி வாயிலில் மாண்டோரும் சொல்லாராய்ச்சிக்குப் பலியானவரல்லர். அத்தகைய கொலைகளைத் தடுக்கும் கடமை எவ்வரசுக்கும் உண்டு. வினா, 16 ஆம் பிரிவு அதற்கு உதவியதா என்பதே.

இங்கேதான் ஸ்டீபன் பதிவுசெய்த கருத்து பொருளுடையதாகின்றது. கில்ட்ஃபோட் நகர்க் குண்டுவெடிப்புக்காக 1974 இன் இறுதியில் கைதான நால்வர், பொலிஸ் காவலிற் பெறப்பட்ட ஒப்புதல்களை அடிப்படையாகக் கொண்டே 1975 இல் ஆயுட் சிறைக்குச் சென்றனர். வழக்கு முடிந்ததெனக் கோவை மூடப்பட்டது. உண்மையில் அதனைச் செய்த குழுவினர் 1975 டிசம்பரிற் பிடிபடும்வரை இலண்டனில் குண்டு வைத்துக்கொண்டும் கொலை செய்துகொண்டும் இருந்தனர். பிடிபட்ட பின்னர் கில்ட்ஃபோட் தம் செயலே என்று அவர்கள் கூறியும் பயனில்லை. பொலிஸ் குறிப்பேடுகள் திரிக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டு, 1989 இலேயே அந்நால்வரும் விடுதலையாயினர். நிரபராதிக்கு இழைத்த அநீதி ஒருபுறமிருக்க, குற்றவாளிக்கு அளித்த அவகாசம் மறுபுறம் இருந்தது. பாதுகாப்பை மட்டுமே அளவுகோலாகக் கொள்வோரும் இதனை எண்ணிப்பார்த்தல் தகும்.

மட்டக்களப்பு வவுணதீவில் 2018 நவம்பர் 30 இல் இரு பொலிசார் கொல்லப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. முன்னாள் போராளி ஒருவர் கைதாகித் தடுத்துவைக்கப்பட்டார். பழக்கப்பட்ட சந்தேகம் பழக்கப்பட்ட திசையிற் சென்றது. ஐந்து மாதம் கழிந்து, 2019 ஏப்பிரில் 21 ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பின்னரே, வவுணதீவுக் கொலையும் சஹ்ரானின் குழுவினர் செய்ததென வெளிவந்தது, தடுப்பிலிருந்தவர் விடுவிக்கப்பட்டார். இடையில், சனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருள்கள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன; ஏப்பிரில் தொடக்கத்தில் இந்தியப் புலனாய்வுத் துறையின் எச்சரிக்கையும் கிடைத்திருந்தது. நாற்பதாண்டுக் காலச் சட்டம் அப்படியே கையிலிருந்தது. அதிகாரம் குறைவாயிருந்ததாக எவரும் கூறவில்லை. 2023 சனவரியில் உயர் நீதிமன்றம், கிடைத்த தகவலின் மீது செயற்படத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

16 ஆம் பிரிவு நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்பதற்கு ஒரு வழக்கு போதும். 1993 இற் கைதான தமிழ் இளைஞர் ஒருவர், இராணுவ முகாம்களைத் தாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். அவருக்கெதிராக இருந்தது ஒரு வாக்குமூலம் மட்டுமே. அது சிங்களத்தில் தட்டச்சிடப்பட்டிருந்தது. அவர் சிங்களம் அறியாதவர். மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கொன்ஸ்தபிள். கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் இருந்தது. 1995 இல் ஐம்பதாண்டுச் சிறை. மேன்முறையீட்டில் முப்பத்தைந்தாக அது குறைந்தது. 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, ஒப்புதல் தாமாகக் கூறியதன்று என நிறுவும் சுமையை எதிரியின் மீது ஏற்றுவது நியாயமான விசாரணைக்கு முரண் என்று கண்டது. 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அவ்வபிப்பிராயத்தைக் கவனத்திற்கொள்ள மறுத்ததோடு, அத்தகைய முறையீட்டுக்கு வழிசெய்த உடன்பாட்டில் நாடு சேர்ந்தமையே அரசியலமைப்புக்கு முரணானதென்றும் கூறியது. கிட்டியால் நெரிபட்ட விரலுக்காக 1855 இல் ஆணைக்குழு இருந்தது. மையில் தோய்ந்த இவ்விரலுக்கு முறையிடும் இடமும் இல்லாதொழிந்தது.

2022 மார்ச் மாதத்தில் சட்டம் திருத்தப்பட்டது. தடுப்புக்காவலின் உச்சவரம்பு பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தது. நீதவான் தடுப்பிடங்களுக்குச் சென்று பார்வையிடுவதற்கு வழிசெய்யப்பட்டது. வெளியீடுகளைத் தடைசெய்த 14 ஆம் பிரிவு நீங்கியது. 16 ஆம் பிரிவில் ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை.